எங்கே கடிக்குது?

எங்கள் ஊர்ச் செருப்புக் கடைக்காரர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்கு எழுதித் தரச் சொல்லி இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "புதுத் தோல் செருப்பு, கட்டைச் செருப்பு, இதெல்லாம் கால் வலிக்காமப் பழக்கறது எப்படின்னு டிப்ஸ் மாதிரி ஒரு பக்கம் குடுங்க சார்" என்றார்கள். இரண்டு பேர் காலிலும் பஞ்சு மாதிரி அமுங்குகிற செருப்பு. வாங்கின நிமிடமே போட்டுக்கொண்டு ஓடலாம். உங்களுக்கு எதற்கய்யா டிப்ஸ் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. காபி கொண்டுவந்த மருமகள் முறைத்ததால் விழுங்கிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் செருப்பு போல வருமா என்று உருகுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்துச் செருப்பு கடிக்கும். கட்டை விரல் வளையம் கடிக்கும், மேல் வார் கடிக்கும், குதிகால் விளிம்பு கடிக்கும். எருமைத் தோலை மூன்றடுக்காகத் தைத்து ஆணி அடித்தால் அது பலகை மாதிரிதான் இருக்கும். அதைக் காலுக்கு ஏற்றபடி இளக்கித் தருவதுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் அதைத் திட்டவும் எனக்கு உரிமை உண்டு.

கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். செருப்பைச் சாயங்காலத்தில் வாங்க வேண்டும். காலையில் சுருங்கியிருக்கும் கால் பொழுது சாய்ந்தால் கொஞ்சம் பருத்துவிடும். காலையில் அளவாக இருந்தது மாலையில் கழுத்தைப் பிடிக்கும். வாங்கியதும் வாரின் உட்பக்கம் விளக்கெண்ணெய் தடவி, ஈரத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், எலி வரும். மறுநாள் கால் வடிவக் கட்டையில் மாட்டி, வாரை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கொடுக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தையல் விட்டுப்போகும். விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் வழித்துச் சோப்பைத் தேய்க்க வேண்டும். முதலில் வீட்டுக்குள் நடக்கலாம், அப்புறம் வேகவதி ஆற்று மணலில் நடக்கலாம், தார் ரோடு கடைசியில்தான். எங்கே கடிக்கிறதோ அங்கே காலுக்குத் துணி கட்டுவதில் பிரயோஜனமில்லை. தப்பு கால் மேல் இல்லை, செருப்பு மேல். அங்கே குறி வைத்துத் திரும்பவும் தட்ட வேண்டும்.

கட்டைச் செருப்பு, அதாவது பாதக்குறடு என்றால், விரலிடுக்கில் பிடிக்கிற குமிழை உப்புத்தாளால் தேய்த்து, பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, கொஞ்ச நாள் பழக வேண்டும். குமிழை விரலால் நெரித்துப் பிடிக்கிறவனுக்கு விரலிடுக்கு பிய்ந்துவிடும். ஒரு மாப்பிள்ளை, காசி யாத்திரைக்கு என்று புதுப் பாதக்குறடு வாங்கினார். பழக்கித் தருகிறேன் என்றேன். "நாலு எட்டு நடக்கறதுக்கு எதுக்குப்பா பழக்கம்?" என்றார். கல்யாணத்தன்று குடையும் கோலுமாகக் கிளம்பியவர் பந்தலைத் தாண்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பெண்ணின் தகப்பனார் ஓடிப்போய், காசிக்குப் போகாதீங்கோ என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை திரும்பி நடந்துவிட்டார். சன்னியாசம் அத்தனை சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

டிப்ஸ் முடிந்தது. மலரில் இதை மட்டும் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் கால் வலிக்காமல் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதும் எனக்கு ஏகாம்பரம் ஞாபகம் வந்துவிட்டார். அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தென்னேரிப் பக்கம் விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு என்னைக் கைகழுவிய பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் காதர் பாயின் செருப்புக் கடையில் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளை ஊரான் காலைப் பிடிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். முதல் சில வருஷம் எண்ணெய் தடவினேன், நூலுக்கு மெழுகு போட்டேன், அடித்தோல் வெட்டினேன். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பாயைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். நெட்டை உருவம், காதில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி. வாடிக்கையாளரை உயரமான முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் கீழே மணையில் உட்காருவார். மடியில் துண்டை விரித்து, வந்தவரின் காலை எடுத்து அதில் வைத்துக்கொள்வார். ஜவுளிக்கடை முதலாளியாக இருந்தாலும் சரி, மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் சரி, அதே துண்டு, அதே மடி. புதுச் செருப்பை மாட்டி நாலு எட்டு நடக்க வைத்து, திரும்பவும் காலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்:

"எங்கே கடிக்குது?"

கடிக்குதா என்று அவர் கேட்டதே இல்லை. "கடிக்குதான்னு கேட்டா, மரியாதைக்கு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்கப்பா. வூட்டுக்குப் போய் நம்மளத் திட்டுவாங்க" என்பார். சொன்ன இடத்தில் காதிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து வாரின் மேல் வட்டம் போடுவார். அந்த வட்டத்தில்தான் நான் தட்ட வேண்டும். எங்கள் தொழிலே அந்தக் கேள்விக்கு வருகிற பதிலை நம்பித்தான் இருந்தது.

பணக்கார வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் காலுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று, செருப்பைக் கடையிலேயே பழக்கித் தரச் சொல்வார்கள். அதற்குப் பாய் ஒரு ஆளை வைத்திருந்தார். கொல்லையில் மணல் பரப்பியிருக்கும். அந்த ஆள் காலைக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு மணலில் நடக்க வேண்டும். வந்தவர்கள் யாரும் அந்த வேலையில் நிலைக்கவில்லை. கொப்புளம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவார்கள்.

நான் சேர்ந்து சில வருஷம் ஆனபோது ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறிவிட்டது. நெசவாளி காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற குழியில் தண்ணீர் நின்றால், அது வடிகிற வரைக்கும் வேலை இல்லை. அப்படிச் சும்மா இருந்த நாளில் வேலை கேட்டு வந்தவர்தான் ஏகாம்பரம். என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார். வாய் ஓயாத மனிதர். நெசவாளி கால் மெத்தென்று இருக்கும், இதெல்லாம் தாங்காது என்று பாய் சொல்லிப் பார்த்தார். "குடுத்துப் பாருங்க பாய்" என்றார் அவர்.

கொடுத்தோம். கொல்லையில் நடந்தார், நடந்தார், பேசிக்கொண்டே நடந்தார். மதியம் கழற்றிய பிறகு பாய் கேட்டார், "எங்கே கடிக்குது?"

"கடிக்கலையே பாய்" என்ற ஏகாம்பரம், காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்:

"வலது கால்ல கொஞ்சம் விரலாண்ட உறுத்துது. எடது கால் ராஜா. அதுக்கு இன்னா மாட்டினாலும் சம்மதம்" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாராலும் தாங்க முடியாத செருப்பையெல்லாம் அவர் மாட்டிக்கொண்டு சிரித்தார். நாங்கள் இரும்புக் கால் என்று பேர் வைத்தோம். தண்ணீர் வடிந்து தறி ஓட ஆரம்பித்த பிறகும், காலையில் கொஞ்ச நேரம் வந்து நடந்துவிட்டுப் போவார். கடையில் அவருக்கு டீ சொல்லாமலேயே வரும். அவருக்கு அதில் எத்தனை பெருமை என்று பார்த்தாலே தெரியும். ஏனென்றால் தறியில் அவருக்கு அப்போது கெட்ட பேர். மிதி தப்புகிறது, சேலையில் இழை விட்டுப்போகிறது என்று, அவருக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூல், கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "இன்னொரு சேலையில மிதி தப்பிச்சுன்னா பாவை அறுத்து எடுத்துக்கினு போயிடுவேன்" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டாராம். வேடிக்கை என்னவென்றால், அதே முதலாளிதான் எங்களிடம் செருப்பைப் பழக்கி வாங்குகிறவர்களில் முதல் ஆள். ஏகாம்பரம் நெய்ததைத் திட்டிக்கொண்டே ஏகாம்பரம் பழக்கின செருப்பில் நடந்தார்.

தறியில் சோம்பேறிக் கால், கடையில் இரும்புக் கால். இரண்டும் ஒரே கால் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை நான் கொல்லைக்குப் போனேன். குழாயடியில் ஒரு செருப்பு கிடந்தது. முதலாளியின் புதுச் செருப்பு, இடது கால். ஏகாம்பரம் அந்தக் கோடியில் ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். வாலாஜாபாத்துக்குப் போய் வந்த கதையை எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு செருப்பு எப்போதோ கழன்றுவிட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தேன். அடித்தோலைக் குத்திக்கொண்டு ஒரு ஆணியின் முனை மேலே வந்திருந்தது. அதைச் சுற்றி ரத்தம். நிமிர்ந்து பார்த்தால் அவர் காலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி அடியில் முழுக்கச் சிவப்பு.

"அண்ணே, நில்லுங்க" என்றேன்.

"இன்னாபா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்.

பாய் வந்தார். பார்த்தார். காலைக் கழுவித் துடைத்து, மணையில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தார். "கண்ணை மூடிக்கோ ஏகாம்பரம். நான் தொடற இடத்தைச் சொல்லு" என்றார். மெழுகு போட்ட நூலின் நுனியால் முதலில் வலது காலைத் தொட்டார். "கட்டை விரலு. குதிகாலு. நடுவுல. கூசுது பாய்" என்று சரியாகச் சொன்னார். பிறகு இடது காலுக்குப் போனார். சுண்டு விரலின் கீழே தொட்டார். பாதத்தின் விளிம்பில் இழுத்தார். நூலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார்.

"தொடுங்க பாய். எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினே இருக்கறது?" என்றார் ஏகாம்பரம்.

பாயின் கண் கலங்கியதை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். "தறியில மிதி தப்புதுன்னியே, எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

"எடது கால்தான் பாய். ராஜாவாச்சே, அதான் வேலை செய்யாது."

பாய் கணுக்காலுக்கு மேலே வேட்டியை ஒதுக்கினார். அங்கே தோல் வெளுத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஊர்ப்பக்கம் அந்த நோய்க்கு ஆஸ்பத்திரி உண்டு, பலரைப் பார்த்திருக்கிறார். எனக்கும் புரிந்துவிட்டது. தொழுநோய் என்று இப்போது சொல்கிறோம். அப்போது பெருவியாதி என்று அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். தெரிந்தால் தெருவில் தண்ணீர் எடுக்க விட மாட்டார்கள். தறிக்குப் பாவு கொடுக்க மாட்டார்கள். அவர் பழக்கின செருப்பை மாட்டியவர்கள் வந்து எங்கள் கடையைக் கொளுத்தினாலும் ஆச்சரியமில்லை. எனக்கு உடம்பெல்லாம் பயம். கையைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பாய் அந்தக் காலை இன்னும் மடியை விட்டு இறக்கவில்லை.

அந்தச் செருப்பை அடுப்பில் போட்டுவிட்டார் பாய். என்னைத் தனியே அழைத்து, "நான் கூட்டிக்கினு போனா ஊரே ஏன்னு கேக்கும். நீ போ. சம்சாரத்தையும் கூட்டிக்கோ" என்றார்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். ஏகாம்பரம் அன்று பேசவே இல்லை. அவர் மனைவி தனகோட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர்கள் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருந்தது. கூச்சமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அங்கே ஒரு டாக்டரம்மா. நிதானமாகப் பார்த்தார். இவருக்கு வந்திருப்பது பிறருக்குப் பரவாத வகை, செருப்பினால் யாருக்கும் ஒன்றும் வராது, மாத்திரையை வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் நோய் போய்விடும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. "உணர்ச்சி திரும்பி வருமாம்மா?" என்று கேட்டேன். வந்தாலும் வரும், வராமலும் போகும், நம்பச் சொல்லவும் மாட்டேன், நம்பாதே என்றும் சொல்ல மாட்டேன் என்றார். "இந்த நோய் விரலைத் தின்னுதுன்னு சொல்வாங்க. அது பொய். வலி தெரியாததால காயத்தோடவே நடப்பாங்க. அதுலதான் விரல் போகுது. இந்தக் கால்ல இனிமே ஒரு காயம் படக் கூடாது."

பிறகு தனகோட்டியின் கையைப் பிடித்துப் புறங்கையை ஏகாம்பரத்தின் பாதத்தில் வைத்துக் காட்டினார். அழுத்தம் விழுந்த இடம் புண்ணாவதற்கு முன்னால் சூடாகும். தினம் சாயங்காலம் புறங்கையால் தடவிப் பார்த்து, எங்கே சுடுகிறதோ அங்கே ஓய்வு கொடுக்க வேண்டும். வெறுங்காலோடு இருக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும்.

அதுவரை பேசாத தனகோட்டி அப்போதுதான் வாயைத் திறந்தார். "தறியில எறங்கும்போது?"

"அப்பவும்தான். மரத்தை மிதிக்கிறாரே, அதுதான் முக்கியம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் தனகோட்டி அழுதார். நோய்க்கு அழுகிறார் என்று நினைத்தேன். கடையில் பாயிடம் அவர் சொன்னது வேறு. "மாத்திரை துன்னுடலாம், கையால தடவிப் பாத்துடலாம் பாய். தறிக்குழியில செருப்போட எப்படி எறங்கறது? வெளக்கேத்திக் கும்புடற எடம். எங்க மாமியா காலத்துலேர்ந்து செருப்பு வாசப்படியத் தாண்டினதில்ல. தெருவுல ஒருத்தர் பாத்தா போதும், காறித் துப்புவாங்க. மொதலாளி வேற, இந்தச் சேலையில மிதி தப்பினா பாவை எடுத்துக்கினு போயிடறேன்னுட்டாரு."

பாய்க்குத் தறிக்குழியின் ஆசாரம் தெரியாது. என்னைப் பார்த்தார். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு, "வுடு தனகோட்டி. வெறுங்காலோடவே மிதிக்கறேன். போறது போவட்டும்" என்றார்.

"போவட்டுமா? விரல் போவட்டுமா?" என்று சீறினார் தனகோட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். மேல் தட்டில் பாதக்குறடு இரண்டு ஜோடி இருந்தது. அதையே வெறித்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "பாய், அது தோலு இல்லியே? அதப் பூஜையில வெச்சே கும்புடறாங்க. கட்டைன்னா தறிக்கு ஆவும் இல்ல?"

பாய் எழுந்துவிட்டார். "ஆகும் தங்கச்சி. ஏன் ஆகாது?"

நான் என் தொழிலில் செய்த கஷ்டமான வேலை அதுதான். பாதக்குறடு மாதிரி இருக்க வேண்டும், ஆனால் குமிழ் கூடாது, விரலிடுக்கை அறுத்துவிடும். கனமான மரம் கூடாது. கல்யாண முருங்கைக் கட்டையைத் தேடி வாங்கி வந்தோம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆணியே இல்லாமல், பக்கவாட்டில் துளை போட்டு அகலமான துணிப் பட்டை கோத்தோம். மேலே பஞ்சுக்குப் பதில் தனகோட்டி கொண்டுவந்த பட்டு நூல் கழிவு. தறியடியில் விழுந்த துண்டு நூலெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அதைப் பரப்பி, மேலே பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டினோம்.

எல்லாம் சரி, அதை எப்படிப் பழக்குவது? ஏகாம்பரத்தை நடக்க வைத்து, காலை மடியில் வாங்கிக்கொண்டு, பாய் பழக்க தோஷத்தில் காதிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துவிட்டார். வாய் வரைக்கும் வந்த கேள்வி அப்படியே நின்றுவிட்டது. கட்டியைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கால் பதில் சொல்வதுதான். அது சொல்லாது.

அப்புறம் துணிக்குப் போடுகிற நீலப்பொடியைக் குழைத்து அவர் பாதத்தில் சீராகத் தடவினோம். கட்டையை மாட்டி நடக்க வைத்துக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளைத் துணியில் சுண்டு விரலுக்குக் கீழே கருநீலம், மற்ற இடமெல்லாம் வெளிர் நீலம். எங்கே கருத்திருக்கிறதோ அங்கேதான் அழுத்தம். துணியைப் பிரித்து, கண்ணாடிச் சில்லால் அங்கே மரத்தை வழித்து, திரும்பக் கட்டி, திரும்ப நீலம் தடவி நடக்க வைத்தோம். இப்போது குதிகாலில் கருத்தது. அதை வழித்தோம். நீலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுகிற வரைக்கும் விடவில்லை. "மாடு மாதிரி நடக்க வுடறீங்க, புல்லாச்சும் போடுங்க" என்றார் ஏகாம்பரம். அவர் பழையபடி பேச ஆரம்பித்ததில் எங்களுக்குச் சந்தோஷம்.

கடைசியில் தனகோட்டி உட்கார்ந்து புறங்கையால் அந்தப் பாதத்தை விளிம்பு விளிம்பாகத் தடவினார். "எங்கே கடிக்குது தங்கச்சி?" என்று பாய் அவரிடம் கேட்டார்.

"இங்க லேசா சுடுது பாய்" என்று தொட்டுக் காட்டினார். சாக்குக்கட்டி மறுபடி காதிலிருந்து இறங்கியது. அன்று முதல் அந்தக் காலுக்காகப் பாய் அவரைத்தான் கேட்டார்.

தறியில் என்ன நடந்தது என்பதை ஏகாம்பரமே வந்து சொன்னார். கட்டையோடு மிதிகட்டையில் கால் வைத்தால் டக்கென்று சத்தம் வருகிறதாம். சரியாக விழவில்லை என்றால் சத்தம் வருவதில்லை. சத்தம் கேட்ட பிறகே குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறாராம். "இத்தினி நாளா கால் எங்க இருக்குதுன்னே தெரியாம மிதிச்சுக்கினு இருந்தேன். இப்ப காது சொல்லுது" என்றார். வேகம் குறைந்ததுதான். ஆனால் அந்தச் சேலையில் ஒரு இழை தப்பவில்லை. முதலாளி விரித்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, திட்டாமல் அடுத்த பாவைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அக்கம்பக்கம் கேட்காமல் இருக்குமா? குழியிலே என்ன டக் டக் சத்தம் என்று கேட்டார்கள். "வேண்டுதல்னு சொல்லிட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. வெளியில சொன்னா பலிக்காதுன்னுட்டேன்" என்றார் தனகோட்டி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மாத்திரை வாங்க மாதா மாதம் செங்கல்பட்டு போனதும் அந்த வேண்டுதல் கணக்கிலேயே போய்விட்டது.

கொல்லையில் மணலை அள்ளி வெளியே கொட்டச் சொல்லிவிட்டார் பாய். இனிமேல் கடையில் யாருக்கும் செருப்பைப் பழக்கித் தருவதில்லை. முதலாளி வந்து குதித்தார். "அந்த இரும்புக் கால் ஆளு எங்கப்பா?"

"அந்தக் கால் இனிமே அடுத்தவங்களுக்காக நடக்காதுங்க. உங்க செருப்பை நீங்கதான் பழக்கணும். எண்ணெய் தர்றேன்" என்றார் பாய். அந்த ஆள் தன்னிடம் நெய்கிறவர்தான் என்பது அவருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. அவர் எண்ணெயை வாங்கிக்கொண்டு திட்டிக்கொண்டே போனார்.

மறு வருஷம், பங்குனி உத்திரம் நெருங்கின சமயம். கடையில் கூட்டம் நெரிந்தது. முக்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கீழே பாய், மடியில் அவர் கால். "இங்க கடிக்குது, அங்க கடிக்குது, வாங்கினதுலேர்ந்து உயிரை எடுக்குது" என்று அவர் சொல்லச் சொல்ல, பாய் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஏகாம்பரம் வந்து நின்றார். தெருவில் போடுவதற்கு நாங்கள் செய்து கொடுத்திருந்த மெத்தைச் செருப்பு காலில் இருந்தது. புதிதாக வார் மாற்றிக் கொடுத்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"பாய்! கடிக்குது பாய்!"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்து, "இவன் எங்க ஏகாம்பரம் இல்ல? செருப்பு கடிச்சா அழுவான், இவன் இளிக்கறான் பாரு" என்றார்.

பாய் முதலாளியின் காலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். வாடிக்கையாளர் காலை அவர் பாதியில் இறக்கி வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏகாம்பரத்தைக் கொல்லைப்பக்கக் கட்டிலில் உட்கார வைத்து, துண்டை உதறி மடியில் விரித்து, இடது காலை எடுத்து வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அவரிடமே கேட்டார்.

"எங்கே கடிக்குது?"

ஏகாம்பரம் யாரும் சொல்லாமலேயே கண்ணை மூடிக்கொண்டார். பாய் விரலால் அழுத்தினார். "இங்கயா?"

"இல்ல பாய். இன்னும் மேல."

"இங்க?"

"சுண்டு விரலாண்ட பாய். அங்க... அங்கதான் பாய்! அய்யோ, அங்கதான்!"

பாய் சாக்குக்கட்டியை எடுத்து வட்டம் போட்டார். வட்டம் கோணலாகப் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. முன்பக்கம் முதலாளி, என் செருப்பு என்னப்பா ஆச்சு என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்படியே விட்டால் புண்ணாகிவிடுமே என்று நான் மரச் சுத்தியலை எடுத்து நீட்டினேன். பாய் வாங்கினார். ஏகாம்பரம் குனிந்து செருப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இப்ப அடிக்காதீங்க பாய். வூடு வரைக்கும் கடிச்சுக்கினு வரட்டும். தெனம் அவதான் தடவிப் பாத்துச் சொல்லுவா. இன்னிக்கு நான் போய் அவகிட்ட சொல்லணும்."

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார்.